கறுப்புப் புள்ளியின் விலாசம்

…இன்னும் போகவில்லை, அதே இடத்தில், அதே தெனாவெட்டோடு, நுண்ணோக்கியில் தெரிந்த வட்டத்தின் நடுவுக்குச் சற்று வலப்பக்கம், ஓரம் கலங்கிய கறுப்புப் புள்ளி. மூன்று தடவை துடைத்தாயிற்று, லென்ஸ் தாள் ஏழு போயிற்று. கருவியறைப் பொறுப்பாளர் தலையைத் தூக்கி, மூக்கைத் தேய்த்துவிட்டு, மறுபடி குனிந்தார். இருக்கிறது. இருக்காமல் எங்கே போகும், எண்ணெய்ச்சட்டி விட்டுப்போன சொத்தாயிற்றே. ஆய்வு மாணவிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான், அதில் ஒரு பெருமை வேறு. எத்தனை முறை சொல்லியிருப்பார், எண்ணெய் நூறு மடங்கு லென்ஸுக்குத்தான், ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே வெளிச்சம் சிதறாமலிருக்க ஒரே ஒரு சொட்டு, அது எண்ணெயில் குளிக்கப் பிறந்தது, பக்கத்திலிருக்கும் நாற்பது அப்படியில்லை, ஈரம் பட்டாலே தும்முகிற பிறவி, எண்ணெய் வைத்த ஸ்லைடின்மேல் அதைத் திருப்பாதே என்று… ஆறு மாதம் முன்பு திருப்பினாள். அவளே வந்து ஒப்புக்கொண்டாள். ஒருமுறை செய்தவள் மறுமுறை செய்யமாட்டாளா? குற்றவாளி தெரிந்த வழக்கில் விசாரணை எதற்கு?

மேசையில் கடிதம் கிடந்தது. லென்ஸைத் தொடர்ந்து பாழாக்குவதால் மேற்படி மாணவியின் கருவியறை அனுமதியை ரத்து செய்யுமாறு… கையெழுத்து மட்டும் பாக்கி, பதினொரு மணிக்குள் துறைத்தலைவரிடம் போகவேண்டும். போனால் அவள் கதை முடிந்தது, இந்த மாதக் கடைசிக்குள் படங்கள் வராவிட்டால் நான்கு வருட ஆய்வு காற்றில். சரி, வேறு கருவியில் எடுக்கட்டுமே என்றால் அதற்கும் வழியில்லை, அது அவருக்கே தெரியும், அதுதான் நெஞ்சில் சிறு முள்ளாகக் குத்தியது. ஜன்னலோர ஸ்டீரியோ நுண்ணோக்கி சாது, எறும்பை முழுசாக வைத்தால் மீசை வரைக்கும் காட்டும், ஆனால் அவளுடைய ஒரு செல் உயிரி அதற்குத் தூசு. இருட்டறையில் இருப்பது சாயம் பூசினால்தான் பேசும், நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிர்ந்து, கொஞ்சம் அதிகம் பார்த்தால் கோபித்துக்கொண்டு மங்கிவிடும். கீழ்த்தளத்து எலக்ட்ரான் நுண்ணோக்கி மகாராஜாவோ காற்றைக்கூட உள்ளே விடமாட்டார், காயவைத்து, தங்கம் பூசி, பிணமாகத்தான் போகவேண்டும். அவளுக்கு வேண்டியது உயிரோடு பிரிகிற செல். நிறமில்லாத அந்தச் சனியனைச் சாயமில்லாமல், உள்ளே போன வெளிச்சம் பின்தங்குவதை மட்டும் வைத்து இருட்டும் வெளிச்சமுமாகக் காட்டுவது இந்த ஒரே ஒரு கட்ட மாறுபாட்டு நுண்ணோக்கிதான், அதுவும் இந்த நாற்பதில்தான். அதில்தானா எண்ணெய் வைக்கவேண்டும்? காலையிலிருந்தே நாள் சரியில்லை. டீயில் எறும்பு. கொட்டிவிட்டு வேறு கேட்டார், அதிலும் எறும்பு. "எறும்பும் இல்ல ஒண்ணும் இல்ல, தேடித் தேடிக் குத்தம் பிடிக்கறதே உங்களுக்கு வேலையாப் போச்சு," என்று மனைவி டம்ளரைப் பிடுங்கித் தானே குடித்துக் காட்டினாள். எறும்பையுமா குடிப்பாள் ஒருத்தி, பிடிவாதத்துக்கு?

"சார், உள்ள வரலாமா?" வாசலில் எண்ணெய்ச்சட்டி.

"வந்து? மிச்ச லென்ஸுக்கும் தேய்ச்சு விடப்போறியா?"

"சத்தியமா நான் எண்ணெயத் தொடவே இல்ல சார். பாட்டில் உங்க பீரோல இருக்கு, சாவி உங்க பாக்கெட்ல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "புள்ளி எங்க இருக்குன்னு பாத்தீங்களா? நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, துடைக்கறதுக்கு முன்னாடி விலாசத்தக் கண்டுபிடின்னு."

எனக்கே பாடமா, என்று எரிச்சல் உச்சிக்கு ஏறியது, ஆனால் கை தன்பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது, வருடாவருடம் சொல்லித்தருகிற கை அல்லவா. ஸ்லைடை நகர்த்தினார், செல்கள் ஓடின, புள்ளி ஓடவில்லை. சரி, ஸ்லைடில் இல்லை. கண்வைக்கும் குழலைத் திருகினார், கூடவே புள்ளி திரும்பவில்லை. நாற்பதை விலக்கிப் பத்தைக் கொண்டுவந்தார், இப்போது மறையவேண்டும், மறைந்து அவள் முகத்தில் கரி பூசவேண்டும்… மறையவில்லை. நாற்பதில் இல்லையா? இடக்கண்ணை மூடினார், இருக்கிறது. வலதை மூடினார், பளிங்கு. ஆகா, வலது குழலுக்குள்ளே! இரண்டு குழலையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். புள்ளி இடம் மாறவில்லை, வலதிலேயே, வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறவன்போல. விளக்கிலா? நிமிர்ந்தார். வெள்ளைச் சுவரில் இருந்தது. அவள் கன்னத்தில் இருந்தது. மேசையைப் பார்த்தார், கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

"எங்க சார் இருக்கு?"

"நீ பாரு," என்று நாற்காலியை விட்டார்.

"பளிச்சுன்னு இருக்கு சார்… ஐயோ, ஒண்ணு பிரியுது! படம் எடுத்துக்கவா?"

"எடும்மா… எடு." அம்மா எப்படி வந்தது வாயில்? கேமரா க்ளிக் க்ளிக் என்றது. கடிதத்தை நான்காக மடித்தார், ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினார், மேசை நின்றது. போன வாரம் அழுக்கு என்று திருப்பியனுப்பிய ஸ்லைடுகள், சரியாகத் துடைக்கவில்லை என்று துப்புரவம்மாவிடம் போட்ட சத்தம்… எட்டாவது லென்ஸ் தாள் இன்னும் விரல்களுக்கிடையில் இருந்தது, மெத்தென்று, எதைத் துடைப்பது என்று தெரியாமல். உள்ளங்கையால் வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி பொத்தினார். எத்தனை நாளாக இருக்கிறது இது? வளர்கிறதா? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவியிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது, இதைச் சொல்லிவிட்டு அந்த டீயைச் சொல்வதா, டீயைச் சொல்லிவிட்டு…