வரைபடத்தில் மட்டும் ஒரு வழி

"வேலி போட்டப்ப, உங்க ஆடுங்க ஓடைக்குப் போக வழி விட்டாங்களாம்மா?" என்று தணிக்கை அதிகாரி அக்காவிடம் கேட்டார்.

அலுவலக மேசையில் நான் கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "விட்டாங்க சார்" என்றாள்.

மேய்ச்சல் நிலத்தில் பழையபடி காடு வளர்த்து, அது உறிஞ்சும் கரியமில வாயுவுக்குக் கார்பன் கிரெடிட் என்ற சான்று வாங்கி ஆலைகளுக்கு விற்கும் நிறுவனம் எங்களுடையது. மூன்று வருஷத்துக்கு முன் வேலி போட்டவன் நான். நடுவே எட்டடி அகலத்தில் ஆட்டு வழி விடவேண்டும் என்பது திட்டம். விட்டால் இருபுறமும் வேலி, இன்னும் பத்து நாள் வேலை. மழைக்கு முன் முடிக்கச் சொல்லி மேலாளர் குடைந்தார். ஒரே கோடாக இழுத்து அடைத்துவிட்டேன்.

"வழி விடக்கூடாதுன்னு சட்டம்க்கா" என்று அக்காவிடம் கூசாமல் புளுகினேன். ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்ட வழியில்லாமல் அந்தக் கோடையிலேயே இருபத்தாறு ஆடுகளையும் விற்றாள். இப்போது எங்கள் அலுவலகத்தில் தரை துடைக்கிறாள்.

அதிகாரி டீ குடிக்க வெளியே போனார்.

"ஏன்க்கா பொய் சொன்னே?"

"நீ சொன்னதை விடவா? சுவத்துல இருக்கற வரைபடத்தைத் தினம் துடைக்கிறவ நான்டா. அந்தப் பச்சைக் கோடு என்னன்னு போன வருஷமே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப ஏன் என்னைக் கேக்கலை?"

"கேட்டு, உன் வேலையும் போச்சுன்னா? ரெண்டு பேரும் துடைக்க இங்க ஒரு வாளிதான் இருக்கு."

சிரித்தாள். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அதிகாரி திரும்பியதும் எழுந்து நின்றேன். "சார், அந்த வழி படத்துல மட்டும்தான் இருக்கு. அடைச்சது நான். சட்டம்னு இவங்களை ஏமாத்தினதும் நான்."

மூவரும் நிலத்துக்குப் போனோம். வழி இருக்கவேண்டிய இடத்தில் இளமரங்கள் தோளுயரம் நின்றன. நன்றாகவே வளர்ந்திருந்தன. அதுதான் இன்னும் உறுத்தியது.

"திறக்கணும்னா இதை வெட்டணும்" என்றார் அதிகாரி. "உங்ககிட்டதான் இப்ப ஆடே இல்லையேம்மா. வழியைத் திறக்கணும்னு அறிக்கையில எழுதட்டுமா, வேண்டாமா?"

அக்கா ஒரு கிளையைப் பிடித்து வளைத்துப் பார்த்தாள்.

"என்கிட்ட இல்லைன்னா வேற யார்கிட்டயும் இல்லையா? எழுதுங்க சார்" என்றாள். "வெட்டறதை மட்டும் இவன் கையாலயே வெட்டச் சொல்லுங்க."