சுழி பார்த்து வாங்கிய டிரான்சிஸ்டர்

எல்லைக் கருப்பசாமி அரிவாள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால், நான் போடுகிற வெற்றிலை இனி சிவக்காமல் போகட்டும்.

அறுபத்து நாலு சித்திரையில் கிணறு வற்றியது தெரியாமல், மதினி சிவனம்மாளின் மின்சார மோட்டார் வெறுமனே ஓடிப் புகைந்துவிட்டது. கருகிய கம்பிச்சுருளைக் கழற்றி, புதுக் காயில் கட்டிக் கொண்டுவந்தோம்.

"இன்னொரு தடவை புகைஞ்சா மல்லிகைத் தோட்டத்தை மறந்துற வேண்டியதுதான்" என்றார் மதினி. தண்ணீர் இறங்கினால் மணியடிக்கிற கருவியைத் தானே செய்வதென்று முடிவுகட்டினார். ஒரு பேட்டரி, ஒரு மணி, கிணற்றில் தொங்க இரண்டு கம்பி. கம்பி நனைந்திருக்கும்வரை மணியை அடக்கிவைக்க ஒரு டிரான்சிஸ்டர். அதை வாங்க நாகல் நகரில் நூர் அகமது பாயின் ரேடியோ கடைக்கு நானும் கூடப் போனேன்.

பாய் மூன்றை எடுத்துவைத்தார். பட்டாணி அளவில் இரண்டு, பலாக்கொட்டை அளவில் ஒன்று.

"பெருசை எடுத்துக்க தாயி. நாளைப்பின்ன ரேடியோவே செய்யலாம்."

"மணியாட்ட யானை எதுக்கு பாய்? தீனி எம்புட்டுத் திங்கும்?"

"வாரம் ஒரு பேட்டரி."

"அப்ப அது உங்க கொட்டத்துலயே கெடக்கட்டும்."

மாட்டுச் சந்தையில் காளை பார்ப்பதுபோல, சின்னது இரண்டையும் உள்ளங்கையில் நிறுத்திக் கால்களைத் தடவினார். தலையில் சுழி தேடினார். பிறகு வாசல் தகரத்தில், உச்சிவெயிலில் வைத்தார்.

"கொழுந்தனாரே, செத்த நேரம் காவல் இருங்க. எது மயங்குதுன்னு பார்ப்போம்."

"ஏர் பூட்டியும் பார்ப்பியா தாயி?" என்று சிரித்தார் பாய்.

"அது வேலை பார்க்கப்போறது வெயில்லதான பாய்?"

சுடச்சுட இரண்டையும் மாற்றி மாற்றி மணியில் பூட்டி, கம்பிகளைத் தண்ணீர்ச் செம்பில் விட்டார் பாய். ஒன்று புத்தி கலங்கி, தண்ணீருக்குள்ளேயே மணியை அலறவிட்டது. மற்றது வாயைத் திறக்கவில்லை. கம்பியை வெளியே எடுத்த பிறகுதான் அடித்தது.

"கொள்முதலுக்குப் போறப்பவே உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார் பாய்.

வைகாசியில் ஒரு நண்பகல் கிணறு வற்றியது. மதினி அப்போது பல மைல் தள்ளி, நத்தம் சந்தையில் மாங்காய் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது, அங்கேயே கேட்டது. காந்திகிராமத்துப் பள்ளிக்கூட விடுதியில் சோற்றுமணி என்று நினைத்துப் பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்களாம். மதினி மாங்காயைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், சூடுகூட இல்லை. மல்லிகை பிழைத்தது.

மதினியைத் தவிர, அந்த டிரான்சிஸ்டர் அளவுக்குப் புத்தியுள்ள ஜீவனை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்குக் கரண்டு வந்தது அறுபத்தொன்பதில்.