பதினாலாவது கேள்வி

என் பேர் அம்சம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது தெரிந்துதான் டாக்டர் வெங்கடசுப்ரமணியன் என்னை வேலைக்கு எடுத்தார். திருப்பனந்தாள் பக்கம் கூலிக்கார வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்தவள் நான். கழக ஆட்சி வந்து ஆறாவது வருஷம். சென்னையிலிருந்து ஒரு மனநோய் ஆராய்ச்சிக் குழு வந்து பாபநாசத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தது. கிராமத்தில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மனநோய் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். அது என் வேலை. செவ்வாய், வெள்ளியில் டாக்டர் அதே மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார்.

கையில் ஒரு அட்டை. அதில் இருபது கேள்வி. எந்த நாட்டிலோ எழுதியதைச் சென்னையில் உட்கார்ந்து தமிழாக்கி அச்சடித்திருந்தார்கள். பதினாலாவது கேள்வி இது: ‘உங்களுக்கு எதிராக யாராவது சதி செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா?’

இந்தக் கேள்வியோடு மாசி மாதம் நான் போய் நின்ற ஊர் புளியந்திடல். அந்தத் தை அறுப்புக்கு, கூலித் தகராறில், பண்ணை சாரங்கபாணி வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கியிருந்தார். கேட்கப் போன சங்கத்துக்காரர் கோவிந்தராசுவை, பண்ணையின் ஏஜெண்டு துரைராசு களத்தில் வைத்துத் தடியால் அடித்துக் கையை முறித்தான். இரண்டாவது தடவை ஓங்கும்போது கால் வழுக்கி, களத்து உருளைக்கல்லில் தன் மண்டையைத் தானே உடைத்துக்கொண்டான். போலீஸில் மட்டும் கோவிந்தராசுதான் மண்டையை உடைத்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கேசு ஆனி மாதத்துக்கு. களத்தில் அப்போது வைக்கோல் உதறிக்கொண்டிருந்த வீரையன் ஒருவர்தான் சாட்சி. அவர் சொல்லாவிட்டால் கோவிந்தராசு உள்ளே போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட தெருவில் போய், உங்களுக்கு எதிராகச் சதி நடக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அறுபத்திரண்டு வீட்டில் ஐம்பத்தொன்பது வீடு ஆமாம் என்றது. ஒரு கிழவர், "இதக் கேக்குறதுக்கா பஸ்ஸு ஏறி வந்தே?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

வீரையன் வீட்டுக்கு மத்தியானம் போனேன். ஆள் நல்ல உயரம், கண் மட்டும் சிவந்திருந்தது. கதவுக்கு முதுகைக் கொடுக்காமல் மூலையில் உட்கார்ந்து, பக்கத்தில் நாலு வாழைப்பழத் தோலைக் குவித்து வைத்திருந்தார். பதினாலாவது கேள்வியைக் கேட்டேன்.

"சதிதான். நாலு மாசமா நடக்குது" என்றார்.

அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி ராமாயி தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள்.

"டீச்சரம்மா, எல்லாரும்தான் பயந்து கெடக்குறாங்க. இவரு வேற மாதிரி பயப்படுறாருங்க."

"பயப்படாம என்னக்கா செய்வாரு? கேசுல சாட்சி அவருதான். பண்ணை சும்மா விடுவானா? நீங்கதான் தைரியம் சொல்லணும்" என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். கேட்டுக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அட்டையில் வீரையன் பெயருக்கு நேராக ‘நலம்’ என்று எழுதினேன்.

மாடியில் டாக்டர் என் அட்டைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவருக்கும் இந்தப் பக்கம்தான் ஊர். அவர் தாத்தா காலத்தில் நிலபுலன் இருந்த குடும்பம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஆளுக்கொரு திசையில் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"அம்சம், என்ன இது? ஒரு தெரு பூரா சந்தேக நோயா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், அந்தத் தெருவுல சதி இல்லேன்னு சொன்ன மூணு வீட்டைத்தான் நீங்க வைத்தியத்துக்குக் கூப்பிடணும்! லாரில ஆள் எறக்கி, கையை ஒடைச்சு, பொய்க்கேசும் போட்டிருக்கான். அது சதி இல்லாம சத்யநாராயண பூஜையா?"

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "சதி பண்றது யாருன்னு கேட்டீங்களா?" என்றார்.

"அதைக் கேக்கணுமா சார்? ஊருக்கே தெரியும்."

நான் விடவில்லை. மிராசுதார் வீட்டுப் பேரனுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்று வேறு கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், ஆனாலும் ஜெயித்த சந்தோஷம் எனக்கு. புளியந்திடல் அட்டைகளில் பதினாலாவது கேள்வியை மொத்தமாக அடித்துவிடச் சொன்னார். சிவப்பு மையால் நானே அடித்தேன்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ராமாயி மாடிப்படி ஏறி வந்தாள். புடவையை நன்றாக இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"அந்தக் காயிதத்துல அவரு பேருக்கு நேரா என்னா எழுதுனீங்க?"

"நல்லா இருக்காருன்னுதான்."

"அப்ப தப்பா எழுதிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் ஆக்குற சோத்தத் தொட்டு ஆறு மாசமாச்சு. வாழப்பழம், எளநி, அவிச்ச முட்ட. தோலு இருந்தா, ஓடு இருந்தா தின்பாரு. மத்ததுல நான் மருந்து வெச்சுருக்கேங்குறாரு."

எனக்கு அந்த வாழைப்பழத் தோல் குவியல் ஞாபகம் வந்தது. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள்தானே நான்.

மறுநாளே புளியந்திடலுக்குப் போய் வீரையன் முன்னால் உட்கார்ந்தேன். "அண்ணே, சதி நடக்குதுன்னீங்களே, பண்றது ஆரு?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். இதை இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. குரலைத் தாழ்த்தி, "இவதான்" என்றார். அடுப்படியில் ராமாயி பானையைத் துலக்கிக்கொண்டிருந்தாள். "பண்ணைக்கும் இவளுக்கும் பேச்சு நடக்குது. ரேடியோவுல இவ பேரு வருது. நான் தூங்குற நேரத்துக்குத்தான் காத்திருக்கா."

தெருவில் ஐம்பத்தொன்பது பேர் ஆமாம் என்றார்கள். யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐம்பத்தெட்டு பேர் பண்ணையைச் சொல்லியிருப்பார்கள், இவர் ஒருவர் மட்டும் பெண்டாட்டியைச் சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கேட்கவில்லை. கேள்வியையே அடித்துவிட்டு வேறு வந்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பும் வழியில் கோவிந்தராசு பிடித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த கை இன்னும் நேராகவில்லை. வீரையன் சங்கதி அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

"தங்கச்சி, ஆனி மாசம் கேசு. அது வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடுங்க. அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் நானே தூக்கிட்டு வாரேன். இப்ப மாத்தர சாப்புடுறாருன்னு தெரிஞ்சா, பைத்தியம் சொல்ற சாட்சின்னு ஒரே அடியா அடிச்சுடுவான் வக்கீலு."

பேய் பிசாசு எதுவும் இல்லை என்று மேடை மேடையாகப் பேசுகிறவர் கோவிந்தராசு. அவர் பேச்சைக் கேட்டு மந்திரிக்கப் போவதை ஊரே விட்டுவிட்டது. ஆனால் பைத்தியம் என்று ஒன்று தன் தெருவில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள அங்கே யாரும் தயாராக இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு மூன்று குழந்தைகள். எனக்கும் அவர் பக்கம்தான் மனசு சாய்ந்தது. திரும்பிப் போய் ராமாயியிடம், இன்னும் இரண்டு மாதம்தானே அக்கா, பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

ராமாயி துலக்கிய பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"பொறுக்கலாம் டீச்சரம்மா. கேசு செயிச்சுட்டுத் தெருவே பட்டாசு வெடிக்கும். அன்னக்கி இவரு ஆத்துல மெதந்தா ஆரு பதில் சொல்லுவா? நீங்களா? கோயிந்தராசண்ணனா? அவருக்கு மூணு புள்ள இருக்கு. எனக்கு இந்த ஒரு மனுசன்தான் இருக்காரு."

நேராகப் பாபநாசம் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டை, அடித்த கேள்வி, வாழைப்பழத் தோல், கோவிந்தராசு கேட்டது, அதற்கு நான் தலையாட்டியது எல்லாவற்றையும். மிராசுதார் பேரன் என்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொன்னதுல பாதி சரி அம்சம், அதனாலதான் நானும் அடிக்கச் சொன்னேன்" என்றார். "மீதிப் பாதிக்கு வைத்தியம் பாப்போம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

நாங்கள் இருவரும் மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். டாக்டர் வீரையனிடம் சதியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "தூங்கி எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று மட்டும் கேட்டார். வீரையனுக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கத்துக்கு என்றால் மருந்து சாப்பிடுகிறேன் என்றார். தூக்கமும் வரும், பயமும் குறையும், கை கொஞ்சம் நடுங்கும், வாய் வறளும் என்று டாக்டர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மாத்திரையை ராமாயி கையால் கொடுக்க முடியாது என்பதால் நான் தினமும் போய், அவர் கண்ணெதிரில் மூடிய உறையிலிருந்து பிரித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் அதுதான் எனக்கு வேலை. வைகாசிக் கடைசியில் ஒரு நாள் ராமாயி வடித்த சோற்றை அவர் ஒரு வாய் அள்ளிப் போட்டார், மென்றார், விழுங்கினார். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆனால் தினமும் மருந்துப் பையோடு ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊருக்குத் தெரியாதா? துரைராசு காதுக்கும் போய்விட்டது. டீக்கடையில் உட்கார்ந்து, "அவனுங்க சாட்சி மாத்தர சாட்சியாம்ல!" என்று சிரித்தானாம். கோவிந்தராசுவின் வக்கீல், இனி வீரையனைக் கூண்டில் ஏற்றினால் இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும் என்று கையை விரித்தார். கோவிந்தராசு என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘ஒரு மனுஷனைக் காப்பாற்றி ஒரு மனுஷனை உள்ளே தள்ளிவிட்டாய், கெட்டிக்காரி’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

கேசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராமாயி மறுபடியும் மாடி ஏறி வந்தாள். கோவிந்தராசுவைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"நான் சொல்றேன் சாட்சி" என்றாள்.

"நீ என்னாத்தச் சொல்லுவே?" என்றார் கோவிந்தராசு சலிப்போடு. "நெல்லுப் பொலி கெடக்குற களத்துல பொம்பள காலு வெக்கக் கூடாதுங்கறது பண்ணைக் கட்டு. நீ அங்க இல்லேங்குறது ஊருக்கே தெரியும்."

"இருந்தேன்ண்ணே. வைக்கப்போருக்குப் பின்னாடி இருந்தேன். துரைராசு தடிய ஓங்குனதும் பாத்தேன், வழுக்கி வுழுந்ததும் பாத்தேன். கல்லுல மண்ட மோதுன சத்தம் இப்பவும் காதுல நிக்கிது."

"அடிப்பாவி! ஆறு மாசமா ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா, ஒனக்குக் களத்துல என்னா வேலைன்னு கேப்பாங்கல்ல? ஆத்துப் பக்கம் போயிடுவாரோன்னு ஐப்பசிலேருந்து இவரு பின்னாலயே திரிஞ்சேன். அதத்தான் சொல்லணும். அதச் சொன்னா இவரு சங்கதி வெளிய வந்துடும், ஒங்க சாட்சி போயிடும். இப்பதான் எல்லாம் வெளிய வந்துருச்சே. இனிமே எனக்கென்னா?"

கோவிந்தராசு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நோயை மூடி வைக்கச் சொன்னதில் தன் இன்னொரு சாட்சியையும் சேர்த்து மூடி வைத்திருந்தார் மனிதர். நானும் அதற்குத் துணை போனேன். டாக்டர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

தீர்ப்பு ஆவணியில் வந்தது. கோவிந்தராசு விடுதலை ஆனார். அதைவிட, ஆனியில் அந்த முற்பகலில் கோர்ட்டில் நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

வீரையனும் வந்திருந்தார். வர வேண்டாம் என்று நாங்கள் சொல்லியும் கேட்காமல், சலவை வேட்டி கட்டிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராமாயி கூண்டில் நின்று பார்த்ததைச் சொல்லி முடித்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"பொம்பளைங்க வரக்கூடாத களத்துக்கு நீ எதுக்கும்மா போனே?"

"என் வீட்டுக்காரரப் பாத்துக்கப் போனேன்."

"அவர் என்ன பச்சைக் குழந்தையா?"

"மனசு சரியில்லாம இருந்துச்சுங்க அவருக்கு."

வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. இதைத்தான் அவர் எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "மனசு சரியில்லைன்னா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. உன் புருஷன் பைத்தியம். அதானே?"

துரைராசுவின் ஆட்கள் கனைத்தார்கள். வீரையன் தலையைக் குனிந்துகொண்டார். மடியில் வைத்திருந்த கை நடுங்கியது, அது மருந்தாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. ராமாயி முதலில் வக்கீலைப் பார்த்தாள். பிறகு கடைசிப் பெஞ்சு வரைக்கும் பார்த்தாள். வீரையன் தலை நிமிரும் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க, அவருக்கு அந்த நோவுதான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வைத்தியம் நடக்குது. நோவு அவருக்கு, பாத்த கண்ணு எனக்கு. ரெண்டையும் எழுதிக்கிடுங்க."