கல்யாணப் படத்தில் அப்பா

ஸ்டுடியோவில் அவளுக்கு 'டச்சப்' என்றுதான் பெயர். முகப்பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், பின்னால் தொங்கும் ஒயர், கல்யாண மேடையில் மூக்கைச் சொறியும் பெரியப்பா என எல்லாவற்றையும் கணினியில் சுத்தம் செய்து தருவது அவள் வேலை. காலமான அப்பாக்களைக் கல்யாணப் படத்தில் சேர்த்துத் தருவதும் அதில் அடக்கம். பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து, "இவரைப் பொண்ணு பக்கத்துல நிக்க வைக்கணும்மா" என்று கேட்பார்கள். அவளும் நிறத்தைச் சரிசெய்து, நிழலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, நிற்க வைப்பாள். வாங்கிப் பார்ப்பவர்கள் கவுன்டரிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதைப் பொய் என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

அவளுடைய அப்பா காலமாகவில்லை. அடுத்த அறையில்தான் இருந்தார். அவளோடு பேச மாட்டார், அவ்வளவுதான்.

அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களையும் விட்டதில்லை. டிக்கெட் எடுக்காமல் வந்த சொந்த மைத்துனருக்கே அபராதம் போட்ட மனிதர். அந்த மைத்துனர் இன்றுவரை வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தமும் இல்லை.

மகள் விஷயத்திலும் அதே கண்டிப்பு. ஸ்டுடியோவுக்குப் புதிதாக வாங்கிய பிரிண்டிங் மெஷினை நிறுவ வெளிநாட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் அது சரியில்லை, இது சரியில்லை என்று அடிக்கடி வந்துபோனான். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்பது முதலாளிக்குக் கடைசியில்தான் புரிந்தது. இவள் பதிவாளர் அலுவலகத்தில் தேதி வாங்கிவிட்டு வந்துதான் வீட்டில் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரன் என்பதைக்கூட அப்பா விழுங்கியிருப்பார். கேட்காமல் தேதி குறித்ததைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. கல்யாணத்துக்கு அம்மா வந்தாள், அக்கா வந்தாள். அப்பா வரவில்லை. கொஞ்ச நாளில் வேலை அனுமதி முடிந்து மாப்பிள்ளை தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவள் பிறந்த வீட்டிலேயே தங்கினாள்.

அதற்கப்புறம் மூன்று வருஷமாக அந்த வீட்டில் அம்மாதான் தபால்காரி.

"அவகிட்ட சொல்லு, மோட்டாரை நிறுத்தச் சொல்லி" என்பார் அப்பா. மகள் இரண்டடி தூரத்தில்தான் நிற்பாள்.

"அம்மா, நிறுத்தியாச்சுன்னு சொல்லு" என்பாள் அவள்.

"ரெண்டு பேருக்கும் காதுல என்ன அடைச்சிருக்கு?" என்பாள் அம்மா.

கல்யாணப் படத்தில் அவளுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. யாரும் திட்டமிட்டு விட்டதல்ல. ஆனால் அவள் கண்ணுக்கு அந்தக் காலியிடம்தான் முதலில் தெரிந்தது. வேலை இல்லாத ஒரு மத்தியானம், அக்கா கல்யாணப் படத்திலிருந்து அப்பாவை எடுத்து அங்கே நிற்க வைத்தாள். அவர் பல் தெரியச் சிரித்த ஒரே படம் அது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா, இடது கையில் மடித்த கைக்குட்டை. பிரேம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டினாள். அப்பா அந்த அறைக்குள் வருவதே இல்லை என்பதால் அது அவருக்குத் தெரியாது.

கணவனை இங்கே வரவழைக்க அவள்தான் மனுச் செய்ய வேண்டும். கல்யாணச் சான்றிதழ், சம்பளச் சான்று, போலீஸ் சான்று, போனில் பேசியதற்கெல்லாம் ஆதாரம் என்று ஒன்று விடாமல் திரட்டினாள். விசாக் காகிதங்களைத் தயார்செய்து கொடுக்கும் ஏஜென்ட் ஃபைலைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குடும்பப் படம் பத்தாதும்மா. விசாவுக்காகச் செஞ்ச கல்யாணமான்னுதான் முதல்ல பார்ப்பாங்க. அப்பா எங்கேன்னு கேட்பாங்க. அப்பா இருக்கிற படம் ஒண்ணும் இல்லையா?"

இருந்தது. அவள் கொடுத்தாள். கொடுக்கும்போது மனசு உறுத்தவில்லை. தினமும் பத்துப் பேருக்குச் செய்துகொடுப்பதைத் தனக்கும் செய்துகொண்டாள், அவ்வளவே. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்கள். ஏஜென்ட் தன் பங்குக்கு, குடும்பம் பெரிதாகத் தெரியட்டும் என்று, அவளிடமிருந்த அக்கா கல்யாணப் படத்தையும் வாங்கி ஃபைலில் சொருகினார்.

குடியேற்ற அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. மேசையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு கல்யாணத்துக்கும் உங்க அப்பா ஒரே சட்டையா போட்டிருந்தார்?"

"அவர்கிட்ட நல்ல சட்டை கம்மி மேடம்."

"தோள்ல ஒரே இடத்துல கசங்கியிருக்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். இந்தக் கசங்கலை எப்படி விட்டேன் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒரு படம் பொய்னா, மீதியை நான் எப்படி நம்புறது? உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நேர்ல விசாரிக்கணும். அவர் வரலைன்னா மனு தள்ளுபடி ஆகும். மோசடின்னு பதிஞ்சுட்டா, திரும்ப மனுப் போட ரொம்ப வருஷம் ஆகும்."

அன்று சாயங்காலம் போனில் கணவனிடம் சொன்னாள். அவளிடம் கற்ற தமிழில் அவன் கேட்டான்: "மாமா இன்னும் கோபம்?"

"இன்னும்தான்."

"அப்போ நான் வர மாட்டேன்?"

சிரித்துப் பேசியே பழகிய போன் அது. அன்றைக்கு அவள் சீக்கிரமே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, அப்பாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தாள்.

"முடியாது. மூணு வருஷம் சுமந்தாச்சு. இதை நீயே சொல்லு" என்று அம்மா கரண்டியை வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லை. பேப்பரைப் பார்த்து அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். படம், கசங்கல், அதிகாரி, மோசடி. பேப்பர் அசையவில்லை. பிறகு அது மடிந்தது. அப்பா எழுந்து நேராக அவள் அறைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. இருபத்தொன்பது வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறிப் பொய்யைப் பிடித்தவர், தன் வீட்டுச் சுவரிலேயே ஒன்று தொங்குவதைப் பார்க்கிறார் என்று நினைத்து அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

வெளியே வந்தவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு கேளு."

அலுவலகத்துக்கு அவர் அதே சட்டையில் வந்தார். பையில் சிவப்புப் பேனாவும் இருந்தது. அதிகாரி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"ஆள் நான்தான். சட்டையும் என்னோடதுதான். ஆனா நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகலை."

அவள் தரையைப் பார்த்தாள். அவர் அவளுக்காகப் பொய் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லைதான். ஆனாலும் உண்மை இவ்வளவு சுருக்கமாக வந்து விழும் என்றும் நினைக்கவில்லை.

"அப்போ அது நிஜக் கல்யாணம்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் அதிகாரி.

அப்பா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"மேடம், பொய்க் கல்யாணமா இருந்தா நான் எதுக்கு மூணு வருஷம் பெத்த பொண்ணுகிட்ட பேசாம இருக்கணும்? ஒரு காகிதத்துக்காகப் பண்ணிக்கிட்டேன்னு சொல்லியிருந்தா, போய்த் தொலையட்டும்னு நாலு நாள்ல மறந்திருப்பேன். இது அப்படி இல்லை. எங்க வீட்டுச் சுவர் ரொம்ப மெலிசு. சாயங்காலம் ஆனா அந்த ஆள்கிட்ட போன்ல பேசிச் சிரிப்பா. எங்கிட்ட அவ அப்படிச் சிரிச்சதே இல்லை. மூணு வருஷமா கேட்டுட்டு இருக்கேன். அதுதான் எனக்குப் பொறுக்கலை. இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?"

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆபீஸில் அழக்கூடாது என்று விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல உங்களைச் சேர்த்தது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

"தப்புதான். நான் போயிருந்தா அந்த வேலை அவளுக்கு இருந்திருக்காது."

"இப்போ கல்யாணத்தை ஏத்துக்கிறீங்களா?"

"அது வீட்டு விஷயம் மேடம். அதுக்கு உங்க ஃபாரத்துல கட்டம் இல்லையே."

அதிகாரியின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸைக் காட்டினார். பிறகு கண்டக்டரிடம், "பின்னால நிக்கிற பொண்ணுக்கு ஒரு டிக்கெட்" என்று காசை நீட்டினார். டிக்கெட்டை வாங்கி, அவள் பக்கம் திரும்பாமலேயே பின்னால் கையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வீடு வரை வேறு பேச்சில்லை.

கடிதம் வர நாளாயிற்று. வந்தபோது அவள் ஸ்டுடியோவில் இருந்தாள். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரிந்தும் படிக்க முடியாமல் போன் செய்து அழுதாள். மனு ஏற்கப்பட்டிருந்தது. போலிப் படம் ஆதாரத்திலிருந்து நீக்கப்பட்டது என்று கீழே ஒரு வரியும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் அறையில் நாற்காலி போட்டு ஏறினாள். இவ்வளவு வம்பையும் இழுத்துவிட்ட அந்த பிரேமைக் கழற்றினாள். அவன் வந்த பிறகு ஒரு நல்ல படம், நிஜமான படம் எடுத்துக்கொள்ளலாம். அதில் யார் நிற்பார்கள், யார் நிற்க மாட்டார்கள் என்பது அவரவர் இஷ்டம்.

"ஏன் எடுக்குற?"

திரும்பிப் பார்த்தாள். வாசலில் அப்பா. அம்மா எங்காவது பின்னால் நிற்கிறாளோ என்று அவள் கண் தேடியது. யாரும் இல்லை. அவளைத்தான் கேட்டிருக்கிறார்.

"இது பொய்யான படம்ப்பா" என்றாள்.

"தெரியும்."

அவர் உள்ளே வந்து, நாற்காலி ஆடாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிரேமில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாட்டு. மாப்பிள்ளை வந்து பார்க்கட்டும்" என்றார். "இந்த ஒரு தடவை விட்டுடலாம்."