பின்சக்கரத்துக்குப் பாரம்

காலை பதினொன்றரைக்கு உத்திரமேரூர் டாக்சி ஸ்டாண்டில் அருள்தாஸ் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மனைவி நிஷா வீடியோவில் அழைத்தாள். ஜெர்மனியில் அப்போது காலை ஏழு. நர்ஸ் வேலைக்காக அவள் அங்கே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம்தான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தாள்.

"வண்டி மேட்டுல ஏற மாட்டேங்குதுங்க. பின்சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது. ஏழே முக்காலுக்கு டூட்டி."

போனைத் திருப்பிக் காட்டினாள். வாசலிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு முழுக்க வெள்ளை. அருள்தாஸ் அந்தப் பனியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் சக்கரம் பிடிமானமில்லாமல் சுற்றும் சத்தத்தை நன்றாகவே அறிவான்.

"பனிக்குன்னு தனி டயர் போட்டியே?"

"போட்டுதான் கீது. அப்பவும் வழுக்குது."

"ஆக்சிலேட்டர மிதிக்காத. மிதிச்சா பனி இன்னும் வழவழன்னு ஆயிடும். எஞ்சின் முன்னால கீது, தள்றது பின்சக்கரம். பின்னாடி பாரமே இல்ல. டிக்கில இன்னா வச்சிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

பத்து வருஷத்துக்கு முந்தைய பெருமழையில் பஸ் நின்றுபோன ஒரு நாள், காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக அவனுடைய அம்பாசிடரை வாடகைக்குப் பிடித்தவள்தான் நிஷா. அதற்கு முன் இருவருக்கும் பழக்கமில்லை. ஏரிக்கரைச் சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டது. அவன் மிதிக்க மிதிக்கச் சக்கரம் புதைந்தது. நிஷா இறங்கினாள். புளியமரத்தடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற மூன்று பெண்களை, "காஞ்சிவரம் வரிக்கும் சும்மா வாங்கக்கா" என்று கூப்பிட்டுப் பின்சீட்டில் ஏற்றினாள். தானும் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். சக்கரம் பிடித்தது. வழியெல்லாம் அந்தப் பெண்கள், "மூளையுள்ள பொண்ணு, உட்றாத நைனா" என்று அவனைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்கள். அவன் விடவில்லை.

"அந்த அக்காங்களுக்கு இங்க நான் எங்க போவேன்?" என்றாள் நிஷா.

"மணல் மூட்டை எதுனா கீதா பாரு."

வீட்டுக்காரம்மாவின் ஷெட்டில், பனியில் வழுக்காமலிருக்க நடைபாதையில் தூவுகிற ஜல்லிப்பொடி மூட்டைகள் இருந்தன. கேட்டு வாங்கி, மூன்று மூட்டையை டிக்கியில் பின்சீட்டை ஒட்டி அடுக்கினாள். இன்னொன்றைப் பிரித்துப் பின்சக்கரங்களுக்கு முன்னால் கொட்டினாள்.

"செகண்ட் கியர்ல எடு. கிளட்ச மெதுவா விடு."

போனில் காரின் கூரை மட்டும் தெரிந்தது. கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு எஞ்சின் கனத்து உறுமியது.

"ஏறிடுச்சுங்க."

"நிறுத்தாத. மேல போயி நிறுத்து."

சமதளத்துக்குப் போனதும் சொல்லிக்கொண்டு போனை வைத்தாள். அம்பாசிடரை விற்று ஆறு வருஷமாகிவிட்டது. இப்போது அவன் ஓட்டுவது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. மழையிலும் பேஜார் பண்ணாது. இருந்தாலும் அன்று அந்தப் பழைய வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

அரைமணிக்குப் பின் வாட்ஸப்பில் அவள் குரல்பதிவு வந்தது. எட்டு நிமிஷம்தான் லேட்டாம், யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"திரும்பும்போது பிரேக்க ஒரேடியா அமுக்காத" என்று பேசி அனுப்பினான். அதற்குள் ஒரு குடும்பம் வந்து வண்டியில் ஏறியிருந்தது.

"கூரம் கோயிலுதானே?" என்று கேட்டபடி கதவைச் சாத்தினான்.