யார் சுட்டது என்று நான் சொல்லவில்லை

"இண்டைக்காவது வாயைத் திறடா, பிரியந்தன்," என்று ரதி அக்கா காரை நிறுத்திவிட்டுச் சொன்னாள். விட்பியிலும் ரெக்ஸ்டேலிலும் பெண் பார்க்கப் போன வீடுகளில் நான் பேசாமல் இருந்ததால்தான் சம்பந்தம் தவறிப்போனது என்பது அவள் முடிவு. அதில் பிழையில்லை. நாற்பத்திரண்டு வயதிலும், தெரியாத வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த முறையும் தவறிவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. இன்றைக்குப் பார்க்கப் போகும் கஜனியோடு தொலைபேசியில் ஒருமுறை பேசியிருந்தேன். நடுவில் இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் அந்தரப்படவுமில்லை, லைனை வெட்டவுமில்லை. அன்றிலிருந்து அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிக்கரிங் வீட்டில் அவளுடைய அப்பா சண்முகநாதன் எங்களை "வாங்கோ, இருங்கோ" என்றார். கண் மட்டும் தொலைக்காட்சியை விட்டு அசையவில்லை. பழைய கௌபோய் தொடர், கறுப்பு வெள்ளை. மார்ஷல் ஒருவர் வாரம் ஒரு ஊருக்குக் குதிரையில் வந்து, அங்கே நடந்த குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு ஓர் ஊரின் ஷெரிப்பை யாரோ இருட்டில் சுட்டிருந்தார்கள். யாரென்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் தொடரில் நான் பார்க்காத பகுதியே இல்லை.

கஜனி சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்தாள். அதை மேசையில் வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்து நின்றாள்.

அக்காவுக்கு வழி கிடைத்துவிட்டது. "அங்கிள், தம்பிக்கு உந்தப் படமெல்லாம் தண்ணிபட்ட பாடு. சொல்லன்ரா, ஆர் சுட்டது?"

சண்முகநாதன் திரும்பி என்னை முறைத்தார். கஜனி திரும்பவில்லை. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமாவது கதைக்கலாம்.

அவள் பிடித்திருந்த தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"உவன் உப்பிடித்தான் அங்கிள்," என்றாள் அக்கா. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

விளம்பரம் வந்தது. கஜனி அப்போதுதான் தட்டைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு உண்மையாத் தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவள் சிரித்தாள். "போன மாசம் என்னைப் பாக்க ஒருத்தர் வந்தவர். மார்ஷல் குதிரையாலை இறங்க முன்னமே முழுக்கதையையும் சொல்லிப்போட்டார்."

"தேத்தண்ணி குடிக்கவும் விடேல்லை நான்," என்றார் சண்முகநாதன். "எழும்பச் சொல்லிப்போட்டன்."

மீதியை நால்வரும் சத்தமில்லாமல் பார்த்தோம். ஷெரிப்பின் காயத்துக்குக் கட்டுப்போட்ட டாக்டர்தான் சுட்டவன் என்று தெரிந்ததும் முதலில் கத்தியது அக்காதான்.

"அட நாசமாப் போவானே! மருந்து கட்டின கையாலையே சுட்டவன்!"

சண்முகநாதன் தொடையில் அடித்துச் சிரித்தார். "உந்தப் பதிலை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டே இருந்தனீங்கள்?" என்று கஜனி என் பக்கம் திரும்பினாள்.

திரையில் மார்ஷல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குதிரையில் ஏறினார்.

"உவர் ஒரு ஊரிலையும் நிண்டு சாப்பிடமாட்டார்," என்றாள் கஜனி. பிறகு, சற்றுப் பொறுத்து, "நீங்கள் சாப்பிட்டிட்டுத்தான் போறியள். புட்டு அவியுது."

புறப்படவென்று ஒரு கை மாட்டியிருந்த குளிர்கோட்டை அக்கா கழற்றினாள்.

"அடுத்த ஞாயிறு ரெண்டு கதை போடுறாங்கள் தம்பி," என்றார் சண்முகநாதன். "வேளைக்கு வாரும். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாரும், அவ கத்தினாத்தான் பாக்க நல்லாயிருக்கு."