டைமருக்குப் பிடித்த பாட்டு

அந்த ராப் தொகுப்பின் நான்காவது பாட்டில் நான் இருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, கழிப்பறைக்குப் போன பெண்கள் திரும்பிவரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு நிற்கிற ஒருவன் அதில் வருவான். பாட்டில் அவனுக்கு 'டைமர்' என்று பெயர். தையல் ஆலையில் என்னை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், என் முதுகுக்குப் பின்னால். என் மகளுக்கு இது தெரியாது. அப்பா பேக்கிங் பிரிவில் இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னதுதான்.

பாடியவளின் பட்டப்பெயர் பாபின். மெஷினுக்குள் நூல் சுற்றி வைப்போமே, அந்த பாபின். ஆள் குட்டையாக, ஓயாமல் சுழன்றுகொண்டே இருப்பாள். என் வரிசையில் காலர் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு எலக்ட்ரீஷியன் வீட்டு மாடியில் உட்கார்ந்து பதினொரு பாட்டுப் பதிவு செய்து, கேசட்டாகக் கொண்டுவந்தாள். அதுதான் அவளுடைய முதல் தொகுப்பு. தாளத்துக்கு ட்ரம் கிடையாது. எங்கள் மெஷின் சத்தத்தையே திருட்டுத்தனமாகப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆலை மூடி, ஊர் மாறி, இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. இப்போது கல்லூரியில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

ராப் என்றால் கையை ஆட்டிக்கொண்டு கத்துவது என்று நினைத்திருந்தவன் நான். என்னைத் திட்டியிருக்கிறாளாமே என்று கோபத்தோடுதான் முதல்முறை கேட்டேன். கேட்கக் கேட்கக் கோபம் ஒரு பக்கம் இருக்க, காது வேறு பக்கம் போய்விட்டது. அவள் கத்தவே இல்லை. பக்கத்து மெஷின்காரியிடம் பேசுகிற குரலில்தான் முழுத் தொகுப்பும். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. தாளத்துக்கு ஒரு நூலிழை பின்னால் வருவாள், விழுந்துவிடப் போகிறாளோ என்று நினைக்கும்போது சரியாக வந்து சேர்ந்துகொள்வாள். ஒரு காலர் தைக்க முப்பத்தெட்டு வினாடி. நான் அளந்தது. முதல் பாட்டில் ஒவ்வொரு பத்தியும் முப்பத்தெட்டு வினாடியில் முடியும். தொகுப்பைப் பற்றி எழுதிய எந்த விமர்சகனுக்கும் இது தெரியாது. வாட்சை வைத்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான்காவது பாட்டின் பெயர் 'ஆறு நிமிடம்'. ஓடுவதும் சரியாக ஆறு நிமிடம். கழிப்பறைக்குப் போய்வர டைமர் கொடுக்கிற நேரம் அது. இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரியும். ஆலையின் விதி நாலு நிமிடம். தாண்டினால் நோட்டில் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. எல்லாருக்கும் நாலுதான் கொடுத்தேன். பாபினுக்கு மட்டும் ஆறு. அவள் பாடினால் வரிசையே வேகமாக ஓடும், அதற்காக நானாகப் பார்த்துக் கண்டும் காணாமலும் விட்ட இரண்டு நிமிடம் அது. யாரிடமும் சொன்னதில்லை. நல்லது செய்தவனைப் பிடித்துப் பாட்டில் போட்டு நாறடித்தாளே என்று இருபத்தைந்து வருடமாக ஆறவில்லை எனக்கு. நான்தான் டைமர் என்று வீட்டில் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அந்தப் பாட்டு எங்காவது ஒலித்தால், "உங்க பாட்டு ஓடுது" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஆனால் ஏழாவது பாட்டு வேறு. அதில் நான் இல்லை. ஒரு பெண் காலையில் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் அதே பாட்டிலை அதே நிறைவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையின் டம்ளரில் ஊற்றுவாள். அவ்வளவுதான் கதை. தன் தாகத்தைப் பொறுத்துக்கொண்டு பிள்ளைக்காகத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற தாய் என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் கண் கலங்கியிருக்கிறேன். என் மகளுக்கு அந்தத் தொகுப்பின்மேல் பைத்தியம் பிடித்ததே இந்தப் பாட்டால்தான். சின்ன வயதில் தன்னைத் தூங்கவைக்க நான் முணுமுணுத்ததைக் கேட்டு அவளும் பிடித்துக்கொண்டாள். வளர்ந்து இசை பற்றி எழுதுகிறவளாக ஆனாள்.

தொகுப்பை மறுபடி இசைத்தட்டாகப் போடுகிறார்கள், கூடவே வருகிற கையேட்டை எழுதும் வேலை மகளுக்குக் கிடைத்தது. போன வாரம் அதை முடிப்பதற்காக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாள். மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று மணிக்கு நிறுவனத்தின் எடிட்டரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. நான்காவது பாட்டைப் பற்றிய இடத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார். கழிப்பறைக்கு ஆறு நிமிடம் என்பது அப்படியொன்றும் கொடுமை இல்லை, கவிஞர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறார் என்கிற மாதிரி.

மகள் அதை வாசித்துக் காட்டிவிட்டு, என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரு மூன்றாம் மனிதன், முகம் தெரியாதவன், என் பக்கம் நியாயம் பேசியிருக்கிறான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அச்சில் ஏறிவிடும். மகளுக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார், சேர்த்துவிடு என்றேன்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஆறு நிமிடத்தைப் பற்றிப் பாபினிடமே முன்பு ஒருமுறை கேட்டதாகவும், அவர் சொன்ன பதில் பிடிபடவில்லை என்றும் சொன்னாள்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"'எனக்கு ஆறு. அந்த ஆளு எனக்குக் குடுத்தத நான் குறைச்சுச் சொல்லல. மத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னுதான் ஏழாவது பாட்டு இருக்கே'ன்னாங்க. ஏழாவது தண்ணிப் பாட்டுல்லப்பா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பாபினுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு நிமிடம் கூடுதல் என்று தெரிந்துதான், அதைக் கூட்டாமல் குறைக்காமல் பாட்டில் வைத்திருக்கிறாள். அது ஒரு பக்கம். அந்தத் தண்ணீர்ப் பாட்டைப் போடச் சொன்னேன். மகள் போட்டாள்.

நூறு முறைக்கு மேல் கேட்ட பாட்டு. அன்றைக்குத்தான் பாட்டில்கள் கண்முன் வந்தன. ஒவ்வொரு மெஷினுக்கும் கீழே, காலருகில், ஒரு பாட்டில். சாயங்கால சைரனுக்குப் பிறகு நான் வரிசையைச் சுற்றிவரும்போது அத்தனையும் கழுத்துவரை நிறைந்திருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் அவ்வளவு கவனம், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருப்பதில்லை என்று மேலாளரிடம் என் வரிசையைப் பற்றிப் பெருமையடித்தும் இருக்கிறேன். கழிப்பறை இருந்தது தையல் கூடத்தின் மறுகோடியில். மூன்றே அறை, ஐந்து வரிசைப் பெண்களுக்கு. ஆளில்லாத நேரத்தில் நான் நடந்து போய் வந்து பார்த்துவிட்டு, நாலு தாராளம் என்று முடிவு செய்தேன். போக முடியாதவர்கள் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். எவளும் பிள்ளைக்காக மிச்சம் பிடிக்கவில்லை. ஒருத்தி வெயில் காலத்தில் மயங்கி விழுந்தாள், சூடு என்று நோட்டில் எழுதினேன். மூத்திரத்தில் ரத்தம் என்று இரண்டு பேர் விடுப்புக் கேட்டார்கள், அதையும் நான்தான் எழுதினேன்.

இத்தனை வருடமாக என்னைத் திட்டிய பாட்டு ஒன்றே ஒன்று என்று நினைத்து அதன்மேல் வன்மம் வளர்த்தேன். இன்னொன்றைப் பாடியே மகளைத் தூங்கவைத்தேன். வெட்கமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்ல.

பாட்டு முடிந்தது. மணி நாலேகால்.

"அந்த வரியச் சேக்காத," என்றேன். "மிகைப்படுத்தல. மத்தவங்களுக்கு நாலு நிமிஷம்தான். அதுக்குள்ள போயிட்டு வர முடியாது. அதனாலதான் அவங்க தண்ணி குடிக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போதும் ஒரு பொய் கைவசம் இருந்தது. பேக்கிங் பிரிவில் பேசிக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள்.

"நான்தாம்மா டைமர்."

சமையலறையில் என் மனைவி குழாயை நிறுத்துவது கேட்டது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், மேலாளர், விதி, அந்தக் காலம் என்று. அவள் கத்தவில்லை. கணினியைத் தன் பக்கம் இழுத்து, எடிட்டரின் வரியை அழித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"எத்தனை பேருக்கு நாலு?"

"வரிசையில நாப்பத்தி ரெண்டு பேரு."

தட்டெழுத ஆரம்பித்தாள். அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல," என்றேன். "நாப்பத்தி ஒண்ணுன்னு போடு."